சொல்லாமல் போன ஆறு நாட்கள்

2011 ஏப்ரல் 20, புதன்கிழமை இரவு. லண்டனில் பிளேஸ்டேஷன் 3 கேம் பெட்டியை ஆன் செய்தவர்களால் ஆன்லைனுக்குள் போக முடியவில்லை. பிழை ஏற்பட்டிருக்கிறது, பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கிலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டீர்கள் என்று திரையில் இரண்டு வரி. அதோடு 80710ஏ06 என்று ஓர் எண். சரி என்று பட்டனை அழுத்தினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மறுபடி முயன்றால் மறுபடி அதே எண். ரௌட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள், வயரைப் பிடுங்கிச் செருகினார்கள், பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள். கோளாறு தங்கள் வீட்டில் இல்லை என்பது பலருக்கு மறுநாள்தான் புரிந்தது.

அந்த வாரம்தான் போர்ட்டல் 2 என்ற கேம் வெளிவந்திருந்தது. மோர்ட்டல் காம்பாட்டின் புதிய பதிப்பும் அதே வாரம். போர்ட்டல் 2-ல் இருவர் சேர்ந்து புதிர்களை அவிழ்க்கும் பகுதிக்காகவே பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒருவர் லண்டனிலும் மற்றவர் டொரண்டோவிலும் இருந்தபடியே ஆடலாம். பிளேஸ்டேஷன் 3 பதிப்பை வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் சேவையோடு இணைத்திருந்தது. கேம் உலகில் அன்றைய பெரிய செய்திகளில் அதுவும் ஒன்று. பிரிட்டனிலோ வெள்ளி தொடங்கித் திங்கள்வரை ஈஸ்டர் விடுமுறை. அடுத்த வெள்ளி இளவரசர் வில்லியம் கல்யாணம், அதற்கும் விடுமுறை. மே 2 திங்களும் விடுமுறை. விளையாடுகிறவர்களுக்கு இப்படி ஒரு வரிசை அமைவது அபூர்வம்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு வாடகை வீட்டின் மாடியறையில் அப்போது தங்கியிருந்த மாணவன் ஒருவனுக்கு அந்த நாட்கள் இன்றும் தெளிவாக நினைவில் இருக்கின்றன. அவனுக்கென்று தனியாக அக்கவுண்ட் கிடையாது. கூடத்தில் இருந்த பிளேஸ்டேஷன் மதுரைக்கார நண்பனுடையது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தார், அதைத் தன் அறையை விட்டு வெளியே கொண்டுவர மாட்டார். கீழ் அறையில் யாழ்ப்பாணத்து அண்ணன். அவர் கேம் ஆடுவதே இல்லை, ஆனால் வேலை முடிந்து வந்தால் கூடத்தில் உட்கார்ந்து பையன்கள் ஆடுவதைப் பார்ப்பார். ஏப்ரல் 2-ஆம் தேதி உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியாவும் இலங்கையும் மோதியபோது பட்ட சூடே அந்தக் கூடத்தில் இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை. அடுத்த வாக்குவாதத்துக்கு வீடு தயாராக இருந்தது.

பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி முதலில் சொன்னது, சில வசதிகள் இயங்கவில்லை, எங்களுக்குத் தெரியும் என்பதுதான். மறுநாள், சரியாக ஓரிரு நாள் ஆகலாம் என்றது. 22-ஆம் தேதி வெள்ளியன்று 'வெளியிலிருந்து ஊடுருவல்' என்ற சொல் முதன்முறையாக வந்தது. நெட்வொர்க்கை நாங்களே நிறுத்தினோம் என்றார்கள். யார் ஊடுருவினார்கள், எதை எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்த மௌனத்தை ஊகம் நிரப்பியது. எல்லோர் வாயிலும் முதலில் வந்த பெயர் ஜார்ஜ் ஹாட்ஸ். ஐபோனைத் திறந்துகாட்டிப் பதின்ம வயதிலேயே பேர் வாங்கிய அமெரிக்க இளைஞர். அந்தக் கதை கொஞ்சம் பின்னால் போகிறது. பிளேஸ்டேஷன் 3 வந்த புதிதில் அதில் லினக்ஸ் போட்டுக் கணினியாகவும் பயன்படுத்தலாம். அமெரிக்க விமானப்படை இப்படிச் சுமார் 1,700 பெட்டிகளைக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே அமைத்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒரு அப்டேட் மூலம் சோனி அந்த வசதியை எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளிலிருந்து ஒரு வசதியைப் பிடுங்கியது பலரைக் கொதிக்க வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு மேடையேறி, சோனியின் டிஜிட்டல் கையெழுத்து முறையில் இருந்த ஓட்டையை விளக்கியது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாக ஒரு தற்செயல் எண் வேண்டும். சோனி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் ரகசியச் சாவியே கையில் வந்துவிடும். சில நாட்களில் ஹாட்ஸ் பெட்டியின் மூலச் சாவியை வெளியிட்டார். ஜனவரியில் சோனி அவர் மேல் வழக்குப் போட்டது. அவருடைய இணையப் பக்கத்துக்கு வந்துபோனவர்களின் இணைய முகவரிகளைப் பெறவும் நீதிமன்றம் சோனிக்கு அனுமதி தந்தது. இதைக் கண்டித்துத்தான் அனானிமஸ் என்ற பெயரில் இயங்கியவர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் சோனியின் தளங்களை முடக்கினார்கள். வழக்கு சமரசமாகி முடிந்த செய்தி ஏப்ரல் 11-ஆம் தேதி வெளியானது. அடுத்த வாரம் நெட்வொர்க் விழுந்தது.

"அந்தப் பயதான் மச்சான் எல்லாத்துக்கும் காரணம்," என்றான் மதுரைக்காரன். "அவன் சாவிய வெளியிடலைன்னா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

மாணவன் ஒத்துக்கொள்ளவில்லை. தன் கையில் இருக்கும் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பது ஒன்று, அடுத்தவர் சர்வருக்குள் புகுந்து விவரம் திருடுவது வேறு. ஏப்ரல் கடைசியில் ஹாட்ஸே அதைச் சொன்னார். தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆட்களின் விவரத்தைத் திருடுவது கேவலம் என்று எழுதினார். அனானிமஸ் தரப்பும் திருட்டு எங்கள் வேலையில்லை என்றது. உள்ளே புகுந்தவர் யார் என்பது இன்றுவரை பொதுவெளியில் நிரூபிக்கப்படவில்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய், ஏப்ரல் 26. அன்று இரவுதான் சோனியின் நீண்ட அறிவிப்பு வந்தது. பெயர், முகவரி, நாடு, மின்னஞ்சல், பிறந்த தேதி, லாகின், பாஸ்வேர்டு எல்லாம் போயிருக்கக்கூடும். வாங்கியவற்றின் பட்டியல், பாஸ்வேர்டு மறந்தால் கேட்கும் ரகசியக் கேள்விக்கான பதில், இவையும் போயிருக்கலாம். கார்டு விவரம் எடுக்கப்பட்டதற்கு ஆதாரமில்லை, ஆனால் அப்படி நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. மொத்தம் 7.7 கோடி அக்கவுண்ட்கள். மதுரைக்காரன் லேப்டாப்பில் அதை வாய்விட்டுப் படித்தான். பிறந்த தேதி என்ற இடத்தில் நின்று, அந்த வரியை மறுபடி படித்தான். கார்டை மாற்றலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், பிறந்த தேதியை எப்படி மாற்றுவது என்றுதான் அன்று அந்தக் கூடத்தில் எல்லோரும் யோசித்தார்கள்.

அடுத்த சில நாட்கள் கேம் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு அது வேறு உலகம். ட்ரெய்லர், விமர்சனம், வெளியீட்டுத் தேதி என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் சர்வர், குறியாக்கம், வங்கி மோசடி பற்றி எழுத வேண்டியதாயிற்று. பலர் அதை நன்றாகவே செய்தார்கள். கேப்காமின் ஃபைனல் ஃபைட் தொகுப்பும் பயோனிக் கமாண்டோ ரீஆர்ம்ட் 2-வும் தனியாக ஆடுவதற்குக்கூட நெட்வொர்க்கில் லாகின் ஆகியே தீர வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு விற்கப்பட்டவை. காசு கொடுத்து வாங்கி, வீட்டுப் பெட்டியில் இறக்கி வைத்திருந்தும் அவற்றைத் திறக்க முடியவில்லை. வாங்கிய கேம் நமக்குச் சொந்தமா என்ற கேள்வி அப்போது பலரிடம் எழுந்தது.

ஆனால் வாக்குவாதத்தின் பெரும்பகுதி வேறு பக்கம் ஓடியது. எக்ஸ்பாக்ஸா பிளேஸ்டேஷனா என்ற பழைய சண்டை. எக்ஸ்பாக்ஸ் லைவில் ஆன்லைனில் ஆட அப்போது அமெரிக்காவில் ஆண்டுக்கு 60 டாலர் கட்ட வேண்டியிருந்தது, பிளேஸ்டேஷனில் இலவசமாக இருந்தது. "காசு வாங்கினாத்தானுங்க பொறுப்பு வரும். சும்மா கொடுக்கறதுல இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்," என்றார் கோயம்புத்தூர்க்காரர். உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் அன்று இதையே சொன்னார்கள். அது தவறான வாதம். ஆன்லைன் ஆட்டம் அன்று இலவசம்தான், ஆனால் பெட்டியும் கேம்களும் இலவசமில்லை, கார்டு விவரத்தை வாங்கி வைத்துக்கொண்டதும் அதே நிறுவனம்தான். ஒருவரின் பிறந்த தேதியைக் கேட்டு வாங்குகிறவருக்கு, அதைக் காப்பாற்றும் கடமை வாங்கிய நொடியிலேயே வந்துவிடுகிறது.

இன்னொரு சண்டை பாஸ்வேர்டைப் பற்றியது. முதல் அறிவிப்பைப் படித்தவர்கள் பாஸ்வேர்டுகளை அப்படியே எழுத்து எழுத்தாக வைத்திருந்தார்கள் என்று எண்ணிக் கொதித்தார்கள். மே 2-ஆம் தேதி சோனி விளக்கம் தந்தது: குறியாக்கம் செய்யவில்லை, ஆனால் ஹாஷ் செய்திருந்தோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அண்ணன் கேட்டார். கணினி படித்துக்கொண்டிருந்த மாணவன் அடுக்களையில் ஊறிக்கொண்டிருந்த அரிசியைக் காட்டி விளக்கினான். குறியாக்கம் என்பது அரிசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது, சாவி இருந்தால் அரிசி திரும்பக் கிடைக்கும். ஹாஷ் என்பது அரிசியை மாவாக அரைப்பது, மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது. திருடியவர் செய்யக்கூடியது, தானும் விதவிதமான அரிசியை அரைத்துப் பார்த்து எந்த மாவு ஒத்துப்போகிறது என்று தேடுவதுதான். எளிய பாஸ்வேர்டு வைத்தவர்கள் அந்தத் தேடலில் சீக்கிரம் மாட்டுவார்கள்.

மே 1, ஞாயிற்றுக்கிழமை. டோக்கியோவில் பத்திரிகையாளர் சந்திப்பு. சோனியின் துணைத் தலைவர்களில் ஒருவரான கஸுவோ ஹிராய் நடுவில், இருபுறமும் ஷின்ஜி ஹசெஜிமா, ஷிரோ கான்பே. மூவரும் கறுப்புக் கோட்டுடன் எழுந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்தார்கள். கேமராக்களின் சத்தம் நெடுநேரம் ஓயவில்லை. மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் கடந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஜப்பான் அது. அந்தப் படம் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் வந்தது. படத்தைவிட முக்கியமான ஒரு தகவலும் அந்தச் சந்திப்பில் வந்தது. ஊடுருவியவர் பயன்படுத்திய ஓட்டை ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்த ஓட்டை, ஆனால் நெட்வொர்க்கை நடத்திய நிர்வாகத்துக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை. புகுந்தவரின் நடமாட்டம் சாதாரண வாங்கல் விற்றல்போலத் தோன்றியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்றும் சொன்னார்கள்.

குனிந்ததை வைத்தும் வீட்டில் சண்டை. பெரிய ஆட்கள் உலகத்தின் முன்னால் தலைகுனிவது சின்ன விஷயமா என்றான் மதுரைக்காரன். அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அது சரி தம்பி. ஆனா எங்கட விபரம் போனது அவங்களுக்கு எப்ப தெரியும்? எங்களுக்கு எப்ப சொன்னவங்கள்? அதைச் சொல்லு முதல்ல."

கேம் ஆடாத மனிதர் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்க நாடாளுமன்றமும் கேட்டது. கனெக்டிகட் செனட்டர் ரிச்சர்ட் புளூமெந்தால் அறிவிப்பு வந்த அன்றே சோனிக்குக் கடிதம் எழுதினார். மேரி போனோ மேக் தலைமையிலான துணைக்குழு விளக்கம் கேட்டது. விசாரணைக்கு நேரில் வராத சோனி, எழுத்தில் பதில் அனுப்பியது. அந்தப் பதிலில் நாள்வாரியாகக் கணக்கு இருக்கிறது.

ஏப்ரல் 19, மாலை 4.15 மணி, அமெரிக்காவின் சான் டியாகோ. சில சர்வர்கள் தாமாகவே அணைந்து எழுவதைப் பொறியாளர்கள் கவனிக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அப்படி எதுவும் திட்டமிடப்பட்டிருக்கவில்லை. 20-ஆம் தேதி பிற்பகலுக்குள், யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள், ஏதோ தரவு வெளியே போயிருக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கிறது. உடனே மொத்த நெட்வொர்க்கையும் நிறுத்துகிறார்கள். சுமார் 130 சர்வர்களில் எது எது தொடப்பட்டது என்று பார்க்க ஒரு தடயவியல் நிறுவனம் வருகிறது, மறுநாள் இரண்டாவது, ஈஸ்டர் ஞாயிறன்று மூன்றாவது. 22-ஆம் தேதி எஃப்.பி.ஐ.க்குத் தகவல் போகிறது. 25-ஆம் தேதி திருட்டின் அளவு உறுதியாகிறது. 26-ஆம் தேதி மக்களுக்குச் சொல்கிறார்கள். ஒரு சர்வரில் 'அனானிமஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு விட்டுச்செல்லப்பட்டிருந்ததாகவும் சோனி எழுதியது. உலகம் முழுவதும் 1.23 கோடிப் பேரின் கார்டு விவரம் அந்த அமைப்பில் இருந்தது.

அரைகுறைத் தகவலைச் சொல்லி மக்களைக் குழப்ப விரும்பவில்லை என்பது சோனியின் வாதம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. தடயம் தேடுவது மெதுவான வேலை, தவறாகச் சொல்லிவிட்டால் பீதி பரவும். ஆனால் தரவு வெளியே போனதற்கு 20-ஆம் தேதியே ஆதாரம் இருந்தது. என்ன போனது என்று தெரியாவிட்டாலும், 'கார்டைக் கவனியுங்கள், இதே பாஸ்வேர்டை வேறெங்காவது வைத்திருந்தால் மாற்றுங்கள்' என்று இரண்டு வரி சொல்ல எல்லா விவரமும் தேவையில்லை. ஈஸ்டரின் அத்தனை நாட்களும் திருடியவருக்குத் தெரிந்திருந்தது, நிறுவனத்துக்குப் பாதி தெரிந்திருந்தது, விவரத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒன்றுமே தெரியவில்லை. இந்த விவகாரத்தில் உண்மையான குற்றம் இதுதான் என்று அந்த மாணவன் அன்று நினைத்தான், இன்றும் அப்படியே நினைக்கிறான்.

மே 2-ஆம் தேதி இன்னொரு அடி. எவர்குவெஸ்ட் போன்ற கணினி விளையாட்டுகளை நடத்திய சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்டிலும் 2.46 கோடி அக்கவுண்ட்களின் விவரம் போயிருந்தது. 2007-ஆம் ஆண்டின் பழைய தரவுத்தளம் ஒன்றில் கிடந்த, அமெரிக்காவுக்கு வெளியே வாழ்பவர்களின் சுமார் 12,700 கார்டு எண்களும், ஆஸ்திரியா, ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின் வாடிக்கையாளர்களின் 10,700 வங்கிப் பற்றுப் பதிவுகளும் அதில் அடக்கம். பயன்பாடு முடிந்த தரவை ஏன் வைத்திருந்தார்கள்? கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அன்று உலகம் பின் லாடன் கொல்லப்பட்ட செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மே 15, ஞாயிறு, பிரிட்டனில் ஆன்லைன் திரும்பி வந்தது. முதலில் அப்டேட், பிறகு கட்டாயமாகப் பாஸ்வேர்டு மாற்றம். மதுரைக்காரன் அன்று இரவு முழுக்க ஆடினான், கூடத்தில் பழைய சத்தம் திரும்பியது. கடைப்பகுதி ஜூன் 2-ஆம் தேதிதான் திறந்தது. ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு ஐந்து கேம்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சோனி இலவசம் அறிவித்தது: லிட்டில் பிக் பிளானட், இன்ஃபேமஸ், வைப்அவுட் எச்.டி., டெட் நேஷன், ராட்செட் அண்ட் கிளாங்கின் ஒரு சிறு பாகம். எல்லாமே நல்ல கேம்கள். எதை எடுப்பது என்ற விவாதத்தில் அந்த ஆறு நாள் பேச்சு அடங்கிப்போனது. அண்ணன் மட்டும் விடவில்லை. "கேம் குடுத்தா முடிஞ்சுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கணக்கு வழக்குகள் பிறகு வந்தன. தாக்குதலால் 1,400 கோடி யென் செலவு என்று சோனி அந்த மே மாதமே மதிப்பிட்டது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2013 ஜனவரியில் சோனியின் ஐரோப்பியப் பிரிவுக்கு 2,50,000 பவுண்டு அபராதம் போட்டது. மென்பொருளை அப்டேட் செய்திருந்தால் தடுத்திருக்கலாம், தொழில்நுட்பம் தெரிந்த நிறுவனத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் தீர்ப்பு. சோனி முதலில் மேல்முறையீடு செய்தது, பாதுகாப்பு ரகசியங்களை வெளியிட வேண்டிவரும் என்று சொல்லிப் பின்னர் அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் சேர்ந்து போட்ட வழக்கு 2014-ல் சமரசத்துக்கு வந்தது: 1.5 கோடி டாலர் மதிப்புக்குக் கேம்களும் சேவைகளும். லாகினுக்குப் பாஸ்வேர்டோடு செல்போனுக்கு வரும் குறியெண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்கு வந்தது 2016 ஆகஸ்டில். ஐந்து ஆண்டுகள். இவ்வளவு பெரிய பாடத்துக்குப் பிறகு இது மிகவும் தாமதம்.

சட்டம் ஓரளவு மாறியிருக்கிறது. 2018 முதல் ஐரோப்பாவில், தனிநபர் தரவு கசிந்தது தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அமைப்பிடம் சொல்ல வேண்டும், ஆபத்து பெரிதென்றால் ஆட்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். இந்தியாவில் தரவுப் பாதுகாப்புக்கான விதிகள் வெளியானது பிளேஸ்டேஷன் நெட்வொர்க் விழுந்த அதே மாதம், 2011 ஏப்ரல் 11. சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அந்த விதிகளில் இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில்தான், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை எழுத்தில் ஏறியது.

இன்று நம் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு கேம் அக்கவுண்ட் இருக்கிறது. அதில் அப்பாவின் கார்டும் அம்மாவின் மின்னஞ்சலும் இணைந்திருக்கின்றன. அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள், இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். உங்கள் விவரம் கசிந்துவிட்டது என்று ஏதாவது ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தால், எத்தனை கோடிப் பேர், என்ன இழப்பீடு என்பதையெல்லாம் பிறகு பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்த தேதி எது, உங்களுக்குச் சொன்ன தேதி எது என்று முதலில் தேடுங்கள். கடிதத்தில் அது இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.